உன் நாலு வருட அனுபவம்

கண்ணா,

நீ சொன்ன ஃபேக்ஸ் இன்று காலை ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தது. இதோ, டீ டம்ளருக்கும் ஸ்டேப்ளருக்கும் நடுவில் கிடக்கிறது. ஃபேக்ஸில் உன் போட்டோ கரிபிடித்த தோசைக்கல் மாதிரி விழுந்திருக்கிறது; பெயரைப் பார்த்துத்தான் நான் பெற்ற பிள்ளை என்று தெரிந்துகொண்டேன். துபாய்க்குப் பக்கத்தில் புஜைராவில் கட்டிக்கொண்டிருக்கும் கந்தகம் நீக்கும் யூனிட்டுக்கு உன்னை இன்ஸ்பெக்டராக எடுக்கப்போகிறார்களாம். நீ பஹ்ரைனில் எங்கள் கம்பெனியில் நாலு வருடம், ஹைட்ரஜன் லைன்களில், வெப்பப் பதப்படுத்தும் வேலையைப் பார்த்ததாகச் சான்றிதழ் கொடுத்திருக்கிறாய்; அது உண்மையா, ஆமா இல்லையா என்று டிக் செய்து, கையெழுத்துப் போட்டு, இன்று வியாழக்கிழமை வேலை முடிவதற்குள் திருப்பி அனுப்ப வேண்டும். இந்தக் கம்பெனியில் அப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதுவது யார்? டாக்குமென்ட் கன்ட்ரோலர். அந்த டாக்குமென்ட் கன்ட்ரோலர் யார்? உன் அம்மா. நீ கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறாய். உன் அப்பாவின் மூளை உனக்கு வரவில்லை, என்னுடையதுதான் வந்திருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நீ பர் துபாயிலிருந்து போன் செய்தபோது நான் சரியாகப் பேசவில்லை. நீ என்னைப் பேச விடவும் இல்லை. "அம்மா, ஒரே ஒரு ஸிக்னேச்சர். எவ்ரிபடி டஸ் இட் மா. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணமே பண்றாங்க, நான் ஒரே ஒரு பொய்தானே சொல்றேன்?" என்றாய். விசிட் விசா முடிய பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது என்றாய். மீனா பஜாருக்குப் பின்னால் ஒரே அறையில் எட்டுப் பேரோடு கட்டில் வாடகைக்கு எடுத்துப் படுத்திருப்பதைச் சொன்னாய். படித்து முடிக்கும் முன்பே கிடைத்த வேலையை, துபாயில் கிரேன்கள் ஒவ்வொன்றாக நின்றுபோன இந்த வருடத்தில், ஒரு வரி ஈமெயிலில் அந்தக் கம்பெனி பிடுங்கிக்கொண்டதைச் சொன்னாய். எல்லாம் உண்மை. நீ சோம்பேறி இல்லை என்பது எனக்குத் தெரியும். டிரெய்னியாகச் சேர்ந்தால் பாதிச் சம்பளம்கூட வராது, அதுவும் கிடைக்குமோ கிடைக்காதோ என்பதும் தெரியும். நீ கடைசியாகக் கேட்டாய்: "நீ செய்யமாட்டியா எனக்காக?" நான் "பார்க்கறேன்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அதனால்தான் இப்போது, எல்லோரும் மெஸ்ஸுக்குப் போயிருக்கிற இந்த ஒரு மணி நேரத்தில், உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதை கூரியரில் அனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமை உன் கைக்கு வரும். அதற்குள் என் பதில் அவர்களுக்குப் போயிருக்கும். என்ன பதில் என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காதே. முதலில் இதைப் படி.

ஃபேக்ஸின் இரண்டாவது பக்கம் உன் அனுபவச் சான்றிதழ். அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது. ஆங்கிலத்தில்தான். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'இவர் ஹைட்ரஜன் லைன்களின் வெப்பப் பதப்படுத்தும் பணியை யாருடைய மேற்பார்வையுமின்றித் தனித்து நின்று, எங்களுக்கு முழு மனநிறைவு தரும் வகையில் செய்துவந்தார்.' இந்த வார்த்தைகளை யார் எழுதிக் கொடுத்தது என்று நான் போனில் கேட்டது நினைவிருக்கிறதா? "கன்சல்டன்சில ரெடியா வச்சிருக்காங்கம்மா, பேரை மட்டும் மாத்துவாங்க" என்றாய். அப்போது எனக்குச் சந்தேகம்தான். இன்று காலை காகிதத்தில் பார்த்தபோது தெரிந்துவிட்டது. அந்த வாக்கியம் என்னுடையது, கண்ணா. கமா விழுந்த இடம்வரை என்னுடையது. இதே கட்டடத்தில், இதே மேசையில் உட்கார்ந்து நான் யோசித்து யோசித்து அடித்தது. அது எத்தனை கை மாறி, எத்தனை ஏஜென்ட் அலுவலகங்களில் ஜெராக்ஸ் ஆகி, பர் துபாய்க்குப் போய், உன் பெயரைத் தலையில் சூடிக்கொண்டு என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை வேறொருவனைச் சுட்டது. அதைத்தான் உனக்குச் சொல்லப்போகிறேன்.

நீ ஈசா டவுன் பள்ளியில் மேல்வகுப்புப் படித்துக்கொண்டிருந்த காலம். இங்கே சுத்தமான டீசல் தயாரிக்க ஒரு பெரிய யூனிட் கட்டினார்கள். டீசலில் இருக்கும் கந்தகத்தைக் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜன் விட்டுப் பிரித்தெடுப்பது. இதெல்லாம் உன் புத்தகத்திலேயே இருக்கும். புத்தகத்தில் இல்லாத ஒன்று உண்டு. அதற்கு ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது. வெளிநாட்டு எண்ணெய், வெளிநாட்டு மெஷின், எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கிவிட்டார்கள். ஆனால் அந்த வேலை தெரிந்த மனிதர்கள் கடையில் கிடைப்பதில்லையே! ஹைட்ரஜன் லைனில் இரண்டு வருடம் வேலை பார்த்தவர்களாகத்தான் வேண்டும் என்று சட்டம் வைத்தார்கள். ஒருவராவது கற்றுக்கொடுக்கத் தயாராக இருந்தார்களா? எல்லோருக்கும் வெந்த சோறு வேண்டும், அடுப்பு மூட்ட யாருக்கும் மனமில்லை. காகிதம் இருந்தால் டெக்னீஷியன், இல்லாவிட்டால் ஹெல்ப்பர். ஹெல்ப்பருக்கு ஒரு தினார் என்றால் டெக்னீஷியனுக்கு இரண்டேகால். ஒரே வெயில், ஒரே கேம்ப், ஒரே பஸ்.

முதல் பொய்க் காகிதத்தை அடிக்கச் சொன்னது எனக்கு மேலே இருந்தவர். அவர் பெயர் வேண்டாம், ஊருக்குப் போய்விட்டார். சர்க்கரை ஆலைகளில் பதினோரு வருடம் பாய்லர் வெல்டிங் செய்த ஒருவர் வந்திருந்தார். கையில் தங்கமான தொழில், பையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. "ஏதாவது ரெடி பண்ணுங்க மேடம், கிளையன்ட் அப்ரூவல் வேணும்" என்றார் என் மேலதிகாரி. மூடிப்போன ஒரு சென்னைக் கம்பெனியின் பெயரில் ஒரு லெட்டர் அடித்தேன். அந்த வெல்டரின் ஜாயின்ட்டுகள் இன்றைக்கும் பாறை மாதிரி நிற்கின்றன. அந்த லெட்டருக்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் ருசி கண்ட பூனை ஆகிவிட்டேன். நம்மூர்ப் பிள்ளைகள் வந்து "அக்கா" என்று நின்றால் போதும். நான் ஏதோ அன்னலட்சுமி என்று எனக்கே நினைப்பு. உன் அப்பாகூட ஒருநாள் சொன்னார், "நீ தர்மம் பண்றேன்னு நெனச்சுக்கிட்டு இருக்க. தர்மம் பண்ணா நம்ம கையில இருந்து ஏதாவது குறையணும். உனக்கு என்ன குறையுது?" என்று. ஸ்டோர்கீப்பருக்கு என்ன தெரியும் என்று வாயை அடைத்தேன்.

செல்வராஜை உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உன் செல்வா மாமா. அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஹெல்ப்பராக வந்தவன். வெள்ளிக்கிழமை தவறாமல் நம் வீட்டுக்கு வருவான். ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு, "அக்கா, கேம்ப் சாம்பாருல பருப்பைத் தேடணும்னா டார்ச் அடிக்கணும்க்கா" என்பான். உன் கிரிக்கெட் மட்டையின் கைப்பிடி உடைந்தபோது, சைட்டிலிருந்து கண்ணாடி நார்த் துணி கொண்டுவந்து சுற்றி, பசை பூசி, புதிதாக வாங்கியதைவிடக் கனமாக்கித் தந்தானே, அவன். நீ அந்த மட்டையைத் தூக்க முடியாமல் தூக்கி ஆடி முதல் பந்திலேயே அவுட் ஆனாய். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவியவன், அங்கேயே சமையலறை வாசலில் நின்றான். "அக்கா, ஹீட் ட்ரீட்மென்ட் டீம்ல ஆள் எடுக்குறாங்க. நான் ஆறு மாசமா அவங்களுக்குத்தாங்க்கா கம்பளி தூக்கிக் குடுக்குறேன். எல்லாம் பாத்துவச்சிருக்கேன். ஒரு பேப்பர் மட்டும் இருந்தா…" தங்கைக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள் என்றான். நான் ஒரு கேள்வி கேட்கவில்லை, கண்ணா. நீ ஒரு ஜாயின்ட்டையாவது உன் கையால் செய்திருக்கிறாயா, ஏன் சூடு வைக்கிறார்கள், சீக்கிரம் ஆற்றினால் என்ன ஆகும், எதுவும் கேட்கவில்லை. மேலிருந்து யாரும் என்னிடம் அடிக்கச் சொல்லவுமில்லை. நானாகவே சனிக்கிழமை வந்து அடித்தேன். 'யாருடைய மேற்பார்வையுமின்றித் தனித்து நின்று' என்று சேர்த்தது அவனுக்காகத்தான். கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்று. அதன் பலன், ஒரு மாதத்திலேயே அவனை உண்மையாகவே தனியாக நிறுத்திவிட்டார்கள். கற்றுக்கொடுக்க ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை. ஏனென்றால் அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே, காகிதம் சொல்கிறதே!

அந்த வேலை என்ன என்று உனக்கு நானே சொல்கிறேன், ஏனென்றால் நாலு வருடம் செய்ததாக எழுதியிருக்கும் உனக்கு அது தெரியாது என்பது எனக்குத் தெரியும். கனத்த உலோகக் குழாய் இரண்டை வெல்டிங் செய்து சேர்த்ததும் அந்த இடம் உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டு நிற்கும். அதைச் சுற்றி ஹீட்டர் கட்டி, சூடு தாங்கும் கம்பளி போர்த்தி, மெல்லச் சூடேற்றி, மணிக்கணக்கில் அதே சூட்டில் வைத்து, மெல்ல ஆறவிட வேண்டும். ஜாயின்ட்டில் ஒட்டிய ஒயர் வழியாக ஒரு ரெக்கார்டர் அந்தச் சூட்டைக் காகிதத்தில் கோடாக வரைந்துகொண்டே போகும். ஏறி, சமமாக ஓடி, இறங்கும் கோடு. அதைத்தான் சார்ட் என்பார்கள். சூடு ஒழுங்காகப் படாத ஜாயின்ட் வெளியே பார்க்க ராஜா மாதிரி இருக்கும். தண்ணீர் விட்டு அழுத்திப் பார்த்தாலும் தாங்கும். ஹைட்ரஜன் பாய ஆரம்பித்த பிறகு என்றைக்கோ ஒருநாள் விரிசல் விடும். அந்தச் சார்ட்டுகள் எல்லாம் என் மேசைக்கு வரும். எண் போட்டு, முத்திரை குத்தி, கோப்பில் வைப்பது என் வேலை.

நீ பன்னிரண்டாம் வகுப்பில் கால் வைத்த சமயம். ஒரு மத்தியானம் அடுத்தடுத்த இரண்டு ஜாயின்ட்டுகளின் சார்ட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பஞ்ச் செய்யப் போனேன். முதல் சார்ட்டில் மூன்றாவது மணிக்குப் பக்கத்தில் கோடு ஒரு நொடி தடுமாறி, சின்னதாகப் பள்ளம் விழுந்து, மறுபடி ஏறியிருந்தது. இரண்டாவதிலும் அதே இடத்தில் அதே பள்ளம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு கோடும் ஒட்டிப் பிறந்தவை போல ஒன்றாக ஓடின. இரண்டு ஜாயின்ட்டுக்கு ஒரே காய்ச்சல் எப்படி வரும்? இரண்டிலும் செல்வராஜின் கையெழுத்து.

அன்று சாயங்காலம் பஸ் ஏறப் போனவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் மறைக்கவே இல்லை. "ஆமாங்க்கா. ரெண்டாவது ஹீட்டர் எரிஞ்சுபோச்சு. வேற ஹீட்டர் மாஃபி, கெடையாதுங்கிறாங்க. ஃபோர்மேன் தலைமாட்டுல நின்னுக்கிட்டு யல்லா யல்லா, சீக்கிரம்னு கத்துறாரு. அதான் மொத ஜாயின்ட்டு ஒயரையே ரெண்டு ரெக்கார்டர்லயும் மாட்டிட்டேன்" என்றான். "டேய், அப்ப அந்த ஜாயின்ட்டு?" என்றேன். அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "என்னங்க்கா, சார்ட்டு தானே வேணும்? சார்ட்டு இருந்தா லைனை விட்டுருவாங்கள்ல?" என்றான். நான் அவனைத் திட்டத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். காகிதம்தான் வேலை என்று அவனுக்குப் பாடம் நடத்தியது யார்? நான்தானே.

இப்போது எழுதப்போவதுதான் உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாதது. பத்து ஜாயின்ட்டுக்கு ஒன்றைத்தான் மறுபடி பரிசோதிப்பார்கள். அந்த ஜாயின்ட் அதில் விழவில்லை. அதன்மேல் கம்பளி சுற்றி அலுமினியத் தகடு அடிக்க இன்னும் நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும், தரம் பார்க்கும் கியூ.சி. மேனேஜர் வர்கீஸ் சார் என் மேசையைத் தாண்டித்தான் போனார், வந்தார். "சாரே, இந்த ரெண்டு சார்ட்டையும் பாருங்க" என்று ஐந்து வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒரு ஹீட்டரும் ஒரு நாள் வேலையும்தான் செலவாகியிருக்கும். நான் சொல்லவில்லை. சொன்னால் செல்வராஜின் கோப்பைத் திறப்பார்கள். கோப்பின் முதல் காகிதம் நான் அடித்தது. உன் அப்பாவுக்கும் எனக்கும் விசா கொடுத்த கஃபீல் ஒருவரே. விசாவை ரத்து செய்தால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். பரீட்சை வருடத்தில் உன்னை எந்த ஊர்ப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்? நாலாவது நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தகடு அடித்துவிட்டார்கள். பளபளவென்று இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. அன்று கடைக்குப் போய் உனக்குப் பிடித்த ஐஸ்கிரீம் வாங்கி வந்தேன்.

(வர்கீஸ் சார் இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். "சேச்சீ, துபாயிலேருந்து விளிச்சு. அந்த வெரிஃபிகேஷன் அயச்சோ?" என்றார். இன்னும் இல்லை சார், மூன்று மணிக்குள் அனுப்பிவிடுவேன் என்றேன். உன் பெயரை அவர் பார்க்கவில்லை. பார்த்தாலும் ஊரில் இந்தப் பெயர் ஆயிரம் பேருக்கு இருக்கிறது என்றுதான் நினைப்பார். அவர் என்னை அவ்வளவு நம்புகிறார்.)

யூனிட் ஓட ஆரம்பித்து நன்றாகத்தான் ஓடியது. சுத்தமான டீசல் கப்பல் ஏறியது, எங்களுக்கெல்லாம் ஒரு தொப்பியும் ஒரு மதியச் சாப்பாடும் கொடுத்தார்கள். எட்டாவது மாதம் ஒரு காலை பதினோரு மணி இருக்கும், சைரன் ஊதியது. எங்கேயோ ஹைட்ரஜன் கசிகிறது. சுத்தமான ஹைட்ரஜன் தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, கண்ணா. புகை இல்லை, நிறம் இல்லை. 'உஸ்' என்ற சத்தம் மட்டும் வரும், எந்தப் பக்கம் என்று புலப்படாது. அதனால் பழைய ஆட்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். நீளக் கம்பு கட்டிய விளக்குமாற்றை முன்னால் நீட்டிக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடப்பார்கள். எந்த இடத்தில் விளக்குமாறு தானாகப் பற்றிக்கொள்கிறதோ, அங்கே தீ இருக்கிறது. கோடிக்கணக்கில் போட்டுக் கட்டிய யூனிட், ஒரு விளக்குமாற்றை நம்பி நின்றது. ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கேட்டுக்கு அருகே கூடி நின்றோம். எல்லோரும் வெளியே ஓடி வரும்போது, ஒருவன் மட்டும் விளக்குமாற்றோடு உள்ளே போவதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். நடையை வைத்தே செல்வராஜ் என்று தெரிந்துவிட்டது. யாரும் அவனை அனுப்பவில்லை. கட்டுமானம் முடிந்தபின் மெயின்டனன்ஸ் டீமில் இருந்தவன், தானாகப் போனான். மற்றவர்கள் ஏழெட்டு லைன்களைத் தேட வேண்டும். அவனுக்கு எந்த ஜாயின்ட் என்று தெரியும். எனக்கும் தெரியும். நான் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

அவன் கண்டுபிடித்துக் காட்டியதால்தான் வால்வை அடைத்து யூனிட்டை நிறுத்தினார்கள். வேறு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விளக்குமாறு பற்றிய அதே நொடியில் காற்று திரும்பிவிட்டது. வலது கை, விரல் நுனியிலிருந்து முழங்கைவரை வெந்துபோனது.

நீயும் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாய். கெமிஸ்ட்ரி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாய். உன்னை ஜூஸ் வாங்க அனுப்பினேனே, அப்போது அவனிடம் "ஏன்டா போன?" என்று கேட்டேன். "நான் வச்ச ஜாயின்ட்டுங்க்கா. வேற யாரு போறது?" என்றான். பிறகு மெதுவாக, "விசாரணைல பேப்பர் யாரு குடுத்தான்னு கேட்டாங்க. மதுரை ஏஜென்ட்டுன்னு சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் பேசாதீங்க. தம்பிக்குப் பரீட்சை" என்றான். நீ ஆரஞ்சு ஜூஸோடு வந்தாய். அவன் இடது கையால் வாங்கிக் குடித்தான், சட்டையெல்லாம் சிந்திக்கொண்டான். நீ துடைத்துவிட்டாய். விசாரணை அறிக்கை ஒரு வாரத்தில் என் மேசைக்கு வந்தது: பொய்யான சான்றிதழ் கொடுத்து வேலையில் சேர்ந்த ஊழியரின் தவறு. கலாஸ், முடிந்தது கதை; அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கும் நான்தான் எண் போட்டேன், முத்திரை குத்தினேன், கோப்பில் வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைவிடச் சுலபம் ஒரு மனிதனைக் கோப்பில் மறைப்பது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எனக்காகச் செய்யமாட்டாயா என்று கேட்டாய். உனக்காகத்தான் அன்று வாயை மூடிக்கொண்டேன். அதன் விலையை வேறொரு தாய் பெற்ற பிள்ளை கொடுத்தான். நீ படித்தவன், நீ சார்ட்டைப் பார்த்தால் புரிந்துகொள்வாய், செல்வராஜ் போல ஏமாறமாட்டாய் என்று நினைப்பாய். இருக்கலாம். ஆனால் நீ போகப்போவது ஹெல்ப்பர் வேலைக்கு இல்லை, இன்ஸ்பெக்டர் வேலைக்கு. செல்வராஜ் போல ஒருவன் ஒயரை மாற்றி மாட்டினால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியவன் நீ. உன் கையெழுத்துக்குப் பிறகு அதைப் பார்க்க ஆள் கிடையாது. ஹீட்டர் எரிந்துபோன அன்று, தலைமாட்டில் 'யல்லா' என்று ஒருவன் கத்தும்போது, இந்த லைனை விடமாட்டேன் என்று சொல்ல உனக்கு எங்கிருந்து தைரியம் வரும்? சொன்னால் அவன் முதலில் திறப்பது உன் கோப்பைத்தான். பொய்க் காகிதத்தின் பெரிய கெடுதல் வேலை தெரியாமல் போவது இல்லை, கண்ணா. வேலை தெரியாது என்று யாரிடமும் சொல்ல முடியாமல் போவது. செல்வராஜால் ஒருவரிடமும் போய் "எனக்கு இது சொல்லிக்கொடுங்க" என்று கேட்க முடியவில்லை. அவன் வாயை நான் அந்த ஒரு வாக்கியத்தால் தைத்துவிட்டேன். என் பிள்ளையின் வாயையும் தைக்கமாட்டேன்.

கோபப்படு. பரவாயில்லை. உனக்கு நான் நியாயம் பேசத் தகுதி உள்ளவள் இல்லை, அதுவும் தெரியும். உபதேசம் செய்பவள் முதலில் தன் முதுகைப் பார்க்க வேண்டும். அதனால் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மணி இரண்டு நாற்பது. ஃபேக்ஸில் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். இவர் எங்கள் கம்பெனியில் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை என்று எழுதினேன். நான் இவருடைய தாய் என்றும் எழுதினேன். இவர் இந்த வருடம் படித்து முடித்தவர், கற்றுக்கொள்ளும் இடத்தில் வைத்தால் கற்றுக்கொள்வார் என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அது உண்மைதான். ஆனாலும் எழுதவில்லை. என் வாக்கியங்கள் போதும். அதை நீயே நேரில் போய்ச் சொல். டிரெய்னியாக எடுத்துக்கொள்ளுங்கள், கம்பளி தூக்குகிறேன், ஒயர் ஒட்டுகிறேன் என்று கேள். கதவைச் சாத்தினால், விசா முடிந்ததும் இங்கே வராதே, திருச்சிக்குப் போ. அங்கே பாய்லர் வேலை நடக்கிற பட்டறை எத்தனையோ இருக்கிறது. அரைச் சம்பளத்தில் ஒரு வருடம் பழகு. என் பிள்ளை பட்டறையில் நிற்கிறான் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இன்னொன்று. விசாரணைக் கோப்பை அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். அந்த இரண்டு சார்ட்டுகளும் அதில்தான் இருக்கின்றன, பள்ளத்தோடு. இந்தக் கடிதத்தை ஒட்டியதும் அதை எடுத்துக்கொண்டு வர்கீஸ் சார் அறைக்குப் போகிறேன். மதுரையில் அப்படி ஓர் ஏஜென்ட் இல்லை என்று சொல்லப்போகிறேன். சர்க்கரை ஆலை வெல்டரின் கோப்பைத் தொடமாட்டேன்; அவர் கைத்தொழிலுக்கு அவர் ஜாயின்ட்டுகளே சாட்சி. என் வேலை போகும், அது நிச்சயம். உன் அப்பா ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். அவரையும் சேர்த்து அனுப்புவார்களா தெரியாது. சற்றுமுன், எழுதுவதை நடுவில் நிறுத்தி, அவரை ஸ்டோரிலிருந்து கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பியைக் கழற்றி என் மேசையில் வைத்தார். பிறகு, "இப்பத்தான் உன் கையில இருந்து ஏதோ குறையுது" என்றார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார்.

மூன்று மணி ஆகிறது. ஃபேக்ஸ் போய்விட்டது. மெஷின் வழக்கம்போல 'ஓகே' என்று ஒரு துண்டுச் சீட்டைத் துப்பியது. அதை இதோடு வைத்திருக்கிறேன், நான் பயமுறுத்துகிறேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதற்காக.

இதைப் படித்ததும் என்னைத் திட்டத்தான் உனக்குப் போனை எடுக்கத் தோன்றும். திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் செல்வா மாமாவுக்கு ஒரு போன் செய். சீட்டின் பின்பக்கம் நம்பர் எழுதியிருக்கிறேன். பொங்கலுக்குப் பொங்கல் நான் கூப்பிடும்போதெல்லாம் "தம்பி படிப்ப முடிச்சிருச்சா? எந்த ஊர்ல வேலை?" என்றுதான் முதலில் கேட்பான். நாலு வருடமாகக் கேட்கிறான். அந்த வேலையை அவன் எப்படிக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று இப்போது அவனுக்குத் தெரியும், அவனிடம் கேள். மணி அடித்துக்கொண்டே இருக்கும். வலது கை விரல்கள் மடங்காது, இடது கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நேரமாகும். வைத்துவிடாதே.

அம்மா